பட்டாணிக்கு நான் வாங்கிய துணை

சதீஷுக்கு, உன் அப்பன் எழுதுவது.

ஃபோன் கையில் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசினால் நான் பொய் சொல்லிவிடுகிறேன், அதனால்தான். "பட்டாணி எப்படிப்பா இருக்கு?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறாய். "ஜோரா கீதுடா, அதுக்கு இன்னா கொறச்சல்" என்று நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிக்கொண்டு வந்தேன். இன்னும் பத்து நாளில் ஓசூரிலிருந்து பென்னலூருக்கு வருகிறாய். உன் கல்யாணம் முடிந்ததும் ஆமையைக் கையோடு எடுத்துப் போகப் போவதாகவும் சொல்லியிருக்கிறாய். அதைத் தூக்கிப் பார்த்த மறு நிமிடம் உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பெயரையெல்லாம் உன் அம்மா வாசித்தபோது, "அந்த ஏழுமலைக்கு மட்டும் வெக்காதீங்கப்பா" என்று சொன்னாய். நான் "சரிடா" என்றேன். அந்தச் "சரிடா"வைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆமை விஷயத்தை முதலில் சொல்கிறேன், அது கொஞ்சம் சுலபம்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன் இல்லையா, ஒரு சால்வையைப் போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து கேட்டுக்கு வெளியே விட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்கிற கம்பெனியில் அத்தனை வருஷம் சூப்பர்வைசர் என்ற பெயரில் ஆட்களை விரட்டிக்கொண்டே இருந்தவன், வீட்டில் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பான்? உன் அம்மாவை விரட்டிப் பார்த்தேன். "இது இன்னா உங்க கம்பெனி லைனா? ஒரு மூலையில குந்துங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நான் போய்க் குந்திய மூலை உன் கண்ணாடித் தொட்டி இருக்கிற மூலை. நீ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கி வந்து, காதோரம் சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்து ஊரையே கூப்பிட்டுக் காட்டினாயே, அந்தப் பட்டாணி இப்போது உள்ளங்கையை விடப் பெரிசு. அது பாட்டுக்கு நீந்தும், கல்லின் மேல் ஏறிக் காயும், மறுபடி இறங்கி நீந்தும். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், ஒண்டியாகக் கிடக்கிறதே, ஒரு துணை வேண்டாமா என்று தோன்றிவிட்டது. உன் அம்மா அப்போதே சொன்னாள், "அது பாட்டுக்குத்தானே கீது, அத்த ஏன் நோண்டுறீங்க?" என்று. நான் கேட்டால்தானே.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மீன் தொட்டிக் கடை இருக்கிறது. ஒரகடத்தில் ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வடநாட்டுக் குடும்பம் அங்கே ஒரு ஆமையை விட்டுவிட்டுப் போயிருந்தது. பட்டாணியைப் போல ரெண்டு மடங்கு இருக்கும். பெட்டை என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல். ஜோடிப் பொருத்தம் பார்த்தவன் மாதிரி வாங்கிக்கொண்டு வந்து தொட்டியில் விட்டேன். உன் அம்மாவும் அன்றைக்கு மனசு மாறி அதற்கு ராணி என்று பெயர் வைத்தாள். ரெண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றபோது, "பாத்தியா, கொஞ்சிக்கினு கீது" என்று அவளிடமும், அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உன்னிடமும் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அது கொஞ்சல் இல்லை, சதீஷ். இது என் இடம், நீ யார் என்று ராணி கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் வாரத்திலேயே பட்டாணி கல் மேல் ஏறுவதை நிறுத்திவிட்டது. ஏறினால் ராணி பின்னங்காலைக் கவ்வி இழுத்துத் தள்ளும். தீனி போட்டால் ராணி தின்று முடிக்கும் வரை இது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் வந்து பார்த்தால் ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுக்குக் கொழுப்பு, சோம்பேறித்தனம், ரிட்டயர் ஆன என்னை மாதிரியே ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் வாலில் ரத்தம் தெரிந்ததும் எடுத்து ஒரு பக்கெட்டில் போட்டு வைத்தேன். அது என்ன நியாயம் பார், கடித்தது பெரிய தொட்டியில் சொகுசாக இருக்கிறது, கடிபட்டதற்குப் பக்கெட். எட்டு நாளில் காயம் ஆறிவிட்டது. மறுபடி கொண்டுபோய் அதே தொட்டியில் விட்டேன். விடும்போது, "போ, போய்ப் பழகிக்க" என்று சொல்லி முதுகில் ஒரு தட்டும் தட்டினேன்.

இரண்டாவது தடவை வால் நுனியே போய்விட்டது. இதை எழுத எனக்கு அவமானமாக இருக்கிறது. வால் நுனி போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ ஃபோன் செய்து, "ரெண்டும் ஃப்ரெண்டாயிடுச்சாப்பா?" என்று கேட்டாய். "ஒண்ண உட்டு ஒண்ணு இருக்கிறதில்லடா" என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுபடி ஒரு வாரம் பக்கெட், மறுபடி தொட்டி. எனக்கு வேறு வழியே தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். இன்னொரு தொட்டி வைக்க வீட்டில் இடம் இருந்தது. நான் துணைக்கு வாங்கியது தப்பு என்று ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இடம் இல்லை.

இந்தப் "பழகிக்க" என்கிற வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். டிரெய்னிங்குக்கு வருகிற பையன்களை நான் எப்படிப் பழக்கினேன் என்று கம்பெனியில் இன்றைக்கும் பேசுவார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரத்திலிருந்தெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரே ரூமில் எட்டுப் பேர் படுத்து எழுந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள். லேட்டாக வந்தால், ஒரு டப்பா வெல்ட் நட்டைத் தரையில் கொட்டி, மண்டி போட்டு எண்ணி எடுக்கச் சொல்லுவேன். லைனே நின்று சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்படி எண்ணியவர்கள்தான் ரெண்டு மூன்று வருஷத்தில் சீனியர் ஆனார்கள். நீ ஐ.டி.ஐ. முடித்து அதே கம்பெனியில் வெல்டிங் லைனில் சேர்ந்தபோது, என்னை ஒன்றும் செய்ய முடியாத அத்தனை பேருக்கும் நீ கிடைத்தாய். உன் ஷூவை ஒளித்து வைத்தார்கள். பாத்ரூம் போக மாற்று ஆள் தராமல் நிற்க வைத்தார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "நட்ட கொட்டிட்டு எண்ணச் சொல்றாங்கப்பா. ஒங்க அப்பன் சொல்லிக் குடுத்ததுதான்னு சொல்றாங்க" என்றாய். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "அவ்ளோதானே, எண்ணிட்டு வா" என்றேன். நீ பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினாய்.

இப்போது ஏழுமலை வந்த நாளுக்கு வருகிறேன். போன தை மாசம், பேத்திக்குக் காது குத்தல் என்று அழைக்க வந்திருந்தான். நம் கம்பெனியில் நீ இருந்த லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர், உனக்கு அவனை அப்படித்தான் தெரியும். எனக்கு அவன் இருபது வருஷம் ஒரே பஸ்ஸில் வந்துபோன ஆள். வெற்றிலை பாக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியவன், தொட்டியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். பட்டாணி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. ஓட்டின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவன் கையை விட்டு எடுத்து ஓட்டை அழுத்திப் பார்த்தான். அமுங்கியது.

"அண்ணா, இன்னாண்ணா இது? இது சாவப் போவுது. வேற தொட்டில போடுங்க."

"அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிக்கும், உடு."

அவன் ஆமையைத் திரும்பத் தண்ணீரில் விடவில்லை. "இதே வார்த்தைய எங்கிட்ட நீங்க ஒரு தபா ஃபோன்ல சொல்லிக்கீறீங்க. நான் கேட்டுக்கினு கம்முனு இருந்தேன். இன்னிக்கு இருக்க மாட்டேன்" என்றான். என்னிடம் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி, ஈரத் துணி விரித்து, பட்டாணியை அதில் வைத்தான். "நாளிக்கே டாக்டராண்ட இட்டுகினு போங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் எந்த ஃபோனைச் சொன்னான் என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய அந்த இன்னொரு விஷயம். வருகிறேன், பொறு.

நம் பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரியில் காட்டினால், "ஆமைக்கெல்லாம் நான் பாக்கிறதில்லீங்க" என்று சிரித்துவிட்டு, போரூர் பக்கம் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வாளியில் ஆமையை வைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு, நானும் உன் அம்மாவும் பஸ்ஸில் போனோம். பக்கத்து சீட்டு அம்மாள் மீன் என்று நினைத்து என்ன மீன் என்று மூன்று தடவை கேட்டாள். அந்த டாக்டரம்மாவுக்கு, நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற திவ்யா வயசுதான் இருக்கும். பட்டாணியைத் திருப்பி, புரட்டி, வாலைப் பார்த்து, கால் நகத்தில் ரெண்டு இல்லாததை எனக்குக் காட்டினார். அது வரைக்கும் நகம் போனதை நான் பார்க்கவே இல்லை.

"ரெண்டாவது ஆமை எதுக்கு வாங்கினீங்க சார்?"

"துணைக்கும்மா."

"இதுக்குத் துணை வேணும்னு யார் சொன்னது? இது தனியா இருக்கிற ஜீவன் சார். தனியா இருந்தா அதுக்கு நிம்மதி. உங்களுக்குத்தான் போரடிச்சிருக்கு."

உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "ராணியக் கடைக்கே திருப்பிக் குடுத்துடறேன்மா, அது கெட்ட ஜென்மம்" என்றேன் நான். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என்ன சார் தப்பு பண்ணுச்சு? அவ்ளோ சின்னத் தொட்டியில ரெண்டு பேரைப் போட்டது யாரு?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அந்தப் பொண்ணுதான். 

அதற்கப்புறம் மூன்று மாசம் நான் ஒரு ஆமைக்கு ஆயாவாக இருந்தேன். தினம் காலையில் பட்டாணியை வெளியே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஓட்டைத் துடைத்து, சிவப்பு மருந்தை டீ நிறத்துக்குக் கலந்து தடவி, சில மணி நேரம் தண்ணீர் படாமல் காய வைக்க வேண்டும். அப்புறம் நேர் வெயில். கண்ணாடி வழியாக வருகிற வெயில் பிரயோஜனம் இல்லையாம், இத்தனை வருஷம் யாருக்குத் தெரியும்? ஓடு கெட்டியாவதற்குக் கணவாய் மீனின் ஓட்டை வாங்கி வந்து தண்ணீரில் போட்டோம். இவ்வளவும் செய்து, பதினைந்து நாளாகியும் அது வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அதோட தொட்டியில இருந்து பெரிய ஆமை தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. பிளாஸ்டிக் தொட்டியைக் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்திலேயேதான் வைத்திருந்தேன், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டாவது இருக்கட்டுமே என்று! தன்னைக் கடித்ததை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு யாருக்குச் சோறு இறங்கும்? அன்றைக்கே பிளாஸ்டிக் தொட்டியைப் பின்பக்கம் வாஷிங் மெஷின் ஓரத்துக்கு மாற்றினேன். பாதியாக உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, நுழைந்துகொள்ள ஒரு இடமும் செய்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் உன் அம்மா போட்ட காய்ந்த இறாலைத் தின்றது. அவள் போட்டுவிட்டுத் துணி அலசப் போய்விடுவாள், அதனால் தின்றது. நான் போட்டுவிட்டு, தின்கிறதா என்று தலைக்கு மேலே குனிந்து நிற்பேன், உடனே பூந்தொட்டிக்குள் போய்விடும். மேலேயிருந்து வருகிற எதுவும் அதற்குக் கழுகு மாதிரியாம். நான் முட்டி வலியோடு தரையில் உட்காரக் கற்றுக்கொண்டேன், சதீஷ். பேசாமல், "ம், தின்னு" என்று அதட்டாமல், கையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டேன். பங்குனி முடிகிற சமயம் ஒரு காலையில், புதுக் கல்லின் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, பின்னங்கால் ரெண்டையும் பின்னால் விறைப்பாக நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. செத்துவிட்டதென்று அலறிவிட்டேன். ஓடி வந்த உன் அம்மா, "யோவ், அது வெயில் காயுது" என்றாள். பயம் விட்டுப்போனால்தான் ஆமை அப்படிக் காலை நீட்டிப் படுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஓடு இப்போது கல் மாதிரி கெட்டி. அம்மா பக்கத்தில் போனால் நீந்தி ஓரத்துக்கு வருகிறது. நான் உட்கார்ந்திருந்தால் தின்னும். எழுந்து நின்றால் மட்டும் இன்னும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது என்னை நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறது. ராணி முன்னறையில் தனியாக ராஜாங்கம் செய்கிறது. அதற்கும் கோபமெல்லாம் போய்விட்டது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். திவ்யா உன்னிடம் வந்து, இங்கே எனக்கு முடியவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால், அது உன் அம்மாவைப் பற்றியதாக இருந்தாலும் சரி, என்னைப் பற்றியதாக இருந்தாலும் சரி, "பழகிக்க" என்று சொல்லாதே. முதலில் எங்கே கடிபட்டிருக்கிறது என்று பார். நீயும் இப்போது நாலு பையன்களை வைத்து வேலை வாங்குகிறாய். அவர்களில் எவனாவது சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் குணமே அப்படி என்று நினைத்துவிடாதே.

இனிமேல் தள்ளிப்போட முடியாது, ஃபோன் விஷயத்தைச் சொல்கிறேன். நீ வேலையில் சேர்ந்து மூன்றாவது மாசம், ஒரு நாள் மத்தியானம் உன் லைனை விட்டுப் போய் பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டாய். நான் அன்றைக்கு வீக்லி ஆஃப், வீட்டில் இருந்தேன். ஏழுமலை கூப்பிட்டான். "அண்ணா, புள்ள பாத்ரூம்ல குந்திகினு அழுவுது. கை காலெல்லாம் நடுங்குது. என் லைன் பசங்கதான் பண்றானுங்க, நான் பாத்துக்கிறேன். இன்னிக்கு வூட்டுக்கு அனுப்பிடறேன், நாளையிலருந்து வேற லைனுக்கு மாத்திடலாம்" என்று சொன்னான். வேற லைனுக்கு மாற்றினால், சூப்பர்வைசர் பிள்ளைக்குச் சலுகை என்று என்னைப் பேசுவார்கள். அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான், நீ அழுதது இல்லை. "அனுப்பாத. ரெண்டு நாள் அழுவான், பழகிப்பான். அதே லைன்ல கொண்டுபோயி நிறுத்து. நான் சொன்னேன்னு மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

அவன் மறுபடி மறுபடி கேட்டான். நான் சத்தம் போட்டேன். அதற்கப்புறம்தான் அவன் உன்னிடம் வந்து, "லீவெல்லாம் கெடயாது, போய் லைன்ல நில்லு" என்று சொல்லியிருக்கிறான். அதைத்தான் நீ இத்தனை வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறாய். அந்த மாசமே பையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போனாய், ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. "அந்த ஆளு கல்லு மனசுக்காரன்பா" என்று நீ என்னிடமே சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். அவன் காதிலும் அது விழுந்திருக்கும், ஊர் சின்னது. ஒரு நாளும் வாயைத் திறந்து, "நான் இல்ல, ஒங்க அப்பன்தான்" என்று உன்னிடம் அவன் சொன்னதில்லை.

நேற்று நானும் உன் அம்மாவும் மஞ்சள் தடவிய பத்திரிகைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஏழுமலை தெருவில் நாலு வீட்டுக்குப் போனோம். அவன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "தண்ணி கொண்டாம்மா, அண்ணன் அண்ணி வராங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். நான் அவனைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது சைக்கிள் மட்டும்தான் இருந்தது. உன் அம்மாவுக்கு ஃபோன் விஷயம் அது வரை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அதனால் நாளைக் காலை அவன் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைக்கப் போகிறேன், உன்னைக் கேட்காமலேயே. அவனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும், அது எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்டதில்லை. உன்னிடம் கேட்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு ஒருத்தன் வரக் கூடாது என்று உனக்கு இருந்தால், சதீஷ், அது ஏழுமலை இல்லை. அந்த ஆள் உன் அப்பனாக மணவறையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டியவன். நிற்கட்டுமா என்று நீ சொல். வேண்டாம் என்றால் பந்தியில் இலை போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன், நீ இருக்கிற பக்கம் வர மாட்டேன்.

அப்பா